சின்ன ஆற்றில் பார்பல்: தூண்டில் போடுவதற்கு முன்னால் நடந்து பாருங்கள்

கேள்வி இதுதான். தாமிரபரணிக் கரையில் தூண்டில் போட்டு வளர்ந்தவர், வேலைக்காக இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு வந்திருக்கிறார். தேம்ஸ் கரையில் இரண்டு கோடை உட்கார்ந்தும் பார்பல் என்ற ஆற்று மீன் ஒன்றுகூட மாட்டவில்லை. பக்கத்தில் ஓடும் லாடன் மாதிரியான சின்ன ஆற்றில் முயன்றால் கிடைக்குமா, எங்கே போடுவது, என்ன இரை, மீன் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாமா என்று கேட்கிறார்.

கிடைக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவருக்குத் தேம்ஸைவிடச் சின்ன ஆறுதான் நல்லது என்பேன். தேம்ஸ் ரெடிங் பக்கத்தில் அகலமும் ஆழமும் அதிகம், படகும் ஓடும். அடியில் என்ன இருக்கிறது என்று கரையிலிருந்து தெரியாது. லாடனில் பல இடங்களில் எதிர்க்கரை மரக்கிளையைக் கோலின் நுனியால் தொட்டுவிடலாம் போல இருக்கும். பள்ளம், மேடு, வேர், நீர்ப்பூண்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் தெளிந்திருந்தால் மீனே தெரியும். அதே காரணத்தால் மீனுக்கும் நீங்கள் தெரிவீர்கள். சின்ன ஆற்றின் வசதியும் சிக்கலும் இதுதான்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். பார்பல் நம் கெண்டைக் குடும்பத்து மீன். பழைய விலங்கியல் நூல்களில் நம் ஊர்க் கெண்டைகள் பலவற்றையும் பார்பஸ் என்ற இதே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள், பிறகுதான் தனித்தனியாகப் பிரித்தார்கள். உடம்பு நீண்டு உருண்டு இருக்கும், அடிவயிறு தட்டை. வாய் மூஞ்சிக்குக் கீழே இருக்கும். மூஞ்சி நுனியில் இரண்டும் வாயோரத்தில் இரண்டுமாக நாலு மீசை. இந்த உடம்பைப் பார்த்தாலே அது எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். ஓடுகிற தண்ணீரில் தரையோடு தரையாகப் படுத்து நிற்பதற்கும், கூழாங்கல்லுக்கு நடுவே மீசையால் துழாவி இரை எடுப்பதற்கும் அமைந்த உடம்பு அது. நடுத்தண்ணீரில் தொங்கும் இரையை அது பெரும்பாலும் சீண்டாது. உங்கள் இரை தரையில் கிடக்க வேண்டும், அல்லது தரையோடு உருள வேண்டும்.

நானும் முதல் இரண்டு வருடம் உங்களைப் போலத்தான் இருந்தேன். வசதியாக நாற்காலி போட இடம் உள்ள கரையில் உட்கார்ந்துகொண்டு, எட்டும் தூரத்துக்கு எறிந்துவிட்டுக் காத்திருப்பேன். ஒரு ஜூன் மாதத் தொடக்கத்தில், தூண்டில் போடக்கூடாத காலத்தில், மகளைக் கூட்டிக்கொண்டு அதே கரையில் சும்மா நடக்கப் போனேன். நான் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு இருபது அடி கீழே, தண்ணீரில் படிந்த ஒரு வில்லோ மரக்கிளையின் நிழலில் ஏதோ பளிச்சென்று மின்னியது. மகள்தான் முதலில் பார்த்தாள். குனிந்து பார்த்தால் ஏழெட்டுப் பார்பல், ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் புரண்டு கல்லில் உரசி நிமிர்ந்துகொண்டிருந்தன. இரண்டு வருடம் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரம். அன்றைக்குப் பிறகு கோல் இல்லாமல் ஆற்றுக்குப் போவதை நான் விட்டதில்லை.

இங்கிலாந்தில் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த வகை மீன்களுக்குத் தூண்டில் போடக்கூடாது. ஜூன் 16-ந்தேதி திறக்கும். அந்த மூன்று மாதத்தின் கடைசி மாதம், அதாவது மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை, ஆற்றைப் படிக்க மிக நல்ல காலம். போலராய்டு கண்ணாடி, விளிம்புள்ள தொப்பி, மங்கலான நிறத்தில் சட்டை போதும். தண்ணீர் சூடேறியதும் பார்பல் ஆழமில்லாத கூழாங்கல் ஓட்டத்துக்கு ஏறி வந்து முட்டையிடும். அதற்காகச் சில மீன்கள் பல கிலோமீட்டர் பயணம் செய்யும். அந்த இடங்களைத் தூர நின்று பாருங்கள், தண்ணீரில் இறங்கி அந்தக் கல்மேல் கால் வைத்துவிடாதீர்கள். முட்டை கல்லிடுக்கில்தான் கிடக்கும்.

முட்டையிடும் இடத்தைக் கண்டதும் ஜூன் 16 அன்று அங்கேயே போய் நிற்காதீர்கள். முட்டையிட்டு ஓய்ந்த மீன் அது, களைத்திருக்கும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். அதற்குள் அது கலைந்து தன் கோடைக்கால இடங்களுக்குப் போய்விடும். அந்த இடங்களைத்தான் நீங்கள் குறித்து வைக்க வேண்டும்.

எப்படி அடையாளம் காண்பது? எனக்கு மூன்று விஷயம் ஒன்றாக வர வேண்டும். ஓட்டம், சுத்தமான கல் தரை, ஒதுங்க ஒரு கூரை. கூரை என்றால் தாழ்ந்த கிளை, கரைக்கு அடியில் தண்ணீர் குடைந்த பொந்து, மரவேர், வெள்ளத்தில் வந்து கிளையில் சிக்கிய குப்பை மிதவை, அல்லது நீளமாகக் கூந்தல்போல அலையும் நீர்ப்பூண்டு. பூண்டுப் படுகைகளுக்கு நடுவே வெளிர் நிறத்தில் சந்து மாதிரிக் கல் தரை தெரியும். பகலில் மீன் பூண்டுக்கு அடியில் இருக்கும், இரைக்கு அந்தச் சந்துக்கு வரும். வேகமான ஓட்டமும் மந்தமான தண்ணீரும் உரசிக்கொள்ளும் கோடு ஒன்று தண்ணீர் மேலேயே தெரியும், அந்தக் கோடும் நல்ல இடம். தடுப்பணைக்குக் கீழே நுரைத்து விழும் மடு எல்லோருக்கும் தெரிந்த இடம், அங்கே கூட்டமும் இருக்கும். சேறு படிந்த தேங்கலில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குக் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சின்ன எலும்புச் சங்கிலி உண்டு. அதனால் கேட்கும் திறன் அபாரம். கரையில் தொம் தொம்மென்று நடப்பதும், பெட்டியைக் கீழே போடுவதும், ஈயக்குண்டு தொபுக்கென்று விழுவதும் அதற்கு எட்டும். பத்து மீட்டர் அகல ஆற்றில் இது ரொம்பப் பெரிய விஷயம். விளிம்பிலிருந்து இரண்டடி பின்னால், செடிக்குப் பின்னே உட்காருங்கள்.

இனி நான் செய்யும் முறை. மதியத்துக்கு மேல் நாலு மணிவாக்கில் போவேன். குறித்து வைத்த நாலைந்து இடங்களுக்கும் நடந்துபோய், ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி இரை போட்டுவிட்டு, தூண்டில் போடாமல் வந்துவிடுவேன். குறைந்தது ஒரு மணி நேரம். இதைத்தான் புதியவர்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஆனால் பயமில்லாமல் தின்று பழகிய மீன்தான் தூண்டில் இரையையும் சந்தேகப்படாமல் எடுக்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் தூவிய இரை அடியில் சேராமல் கீழே போய்விடும். அதற்கென்று அடியில் பட்டதும் மூடி திறந்துகொள்ளும் சின்னக் கூண்டு ஒன்று கடையில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் இடத்திலும் இருபது முதல் நாற்பது நிமிடம். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த இடம். ஒரு மீன் பிடித்துவிட்டால் அந்த இடத்துக்கு மறுபடி கொஞ்சம் இரை போட்டு ஓய்வு கொடுத்துவிட்டு நகருங்கள்.

தூவுவதற்கு ஹெம்ப் விதைக்கு ஈடு இல்லை. கஞ்சாச் செடியின் இனம்தான், ஆனால் போதை இல்லாத வகை, தூண்டில் கடையில் மூட்டையாகவே விற்பார்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் விதை வெடித்து வெள்ளை முளை தெரியும்வரை வேகவைக்க வேண்டும். அவ்வளவு சின்ன விதை கல்லிடுக்கில் விழுந்தால் மீன் மணிக்கணக்கில் அங்கேயே துழாவிக்கொண்டிருக்கும், வயிறும் நிரம்பாது.

முள்ளில் வைக்க என் முதல் தேர்வு டின் இறைச்சி. பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் சாதாரண லஞ்சன் மீட். ஒரு அங்குலச் சதுரமாக வெட்டி, கொஞ்சம் எண்ணெயில் மஞ்சள்தூளும் கறிமசாலாவும் போட்டு லேசாகப் புரட்டி எடுங்கள். வெளிப்பக்கம் தோல் கட்டி முள்ளில் நன்றாக நிற்கும், வாசனையும் தண்ணீரில் பரவும். இதை நம் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம், வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் காலகாலமாகச் செய்வதுதான். ஆனால் நம் வீட்டு மசாலா டப்பா இதற்கு உதவும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். மழைக்குப் பின் தண்ணீர் கலங்கலாக இருந்தால் கொத்தாக மண்புழு. தெளிந்திருந்தால் சின்ன மீன்தூள் உருண்டை, அதாவது பெல்லட். அதில் துளை போட்டு, முள்ளில் குத்தாமல் முள்ளின் பின்னாலுள்ள சிறு நூலில் கோப்பார்கள். ஹேர் ரிக் என்று கேட்டால் கடையில் காட்டுவார்கள்.

ரெடிங்கில் தேம்ஸோடு சேரும் கென்னட் ஆற்றிலும் லாடனிலும் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிக்னல் கிரேஃபிஷ் நிறைய. சின்னச் சிங்க இறால் மாதிரி இருக்கும். கோல் நுனி விடாமல் குறுகுறுவென்று நடுங்கினால் அது பார்பல் இல்லை, கிரேஃபிஷ் உங்கள் இறைச்சியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. அப்போது கெட்டியான பெல்லட்டுக்கு மாறிவிடுங்கள். அதைப் பிடித்துச் சமைக்கலாமே என்று கூண்டு போட்டுவிடாதீர்கள், அனுமதி இல்லாமல் கூண்டு வைப்பது குற்றம்.

சாமான் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சின்ன ஆறு, சின்ன மீன், மெல்லிய தூண்டில் நரம்பு போதும் என்று நினைப்பது தவறு. வேரும் கிளையும் ஓரடியில் இருக்கும் இடத்தில் பார்பலுக்கு ஓடக் கொடுக்க இடமே இல்லை. மெல்லிய நரம்பு அறுந்தால், முள்ளோடும் ஈயத்தோடும் ஒரு மீன் வேரில் சிக்கிச் சாகும். 10 அல்லது 12 பவுண்டு நரம்பு, 11 அடிக் கோல், ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் பவுண்டு டெஸ்ட் கர்வ் (கோலைக் கால் வட்டமாக வளைக்கத் தேவைப்படும் எடை), 6 முதல் 10-ம் எண் வரை முள். பல சங்கங்கள் நுனியில் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைத்தான் அனுமதிக்கும். ஈயம் நரம்பில் தாராளமாக வழுக்கி ஓட வேண்டும், முடிச்சுப் போட்டு இறுக்கக்கூடாது. நரம்பு அறுந்தாலும் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டு திரியாமல் இருக்க அது உதவும்.

கோலைக் கையிலேயே வைத்திருங்கள். ரீலுக்கு முன்னால் நரம்பை ஆள்காட்டி விரலில் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் கீழே நடப்பதெல்லாம் விரலுக்கு வரும். இலை உரசுவது ஒரு மாதிரி, சின்ன மீன் கொத்துவது ஒரு மாதிரி, பார்பல் வாயில் வைத்துத் திரும்புவது வேறு மாதிரி. முதலில் ஒரு மெல்லிய அரைப்பு, அப்புறம் கோலையே பிடுங்கும் இழுப்பு. கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் கோலையே இழந்திருக்கிறார்கள். தாமிரபரணியில் கையால் நரம்பு பிடித்துப் பழகியவருக்கு இது சீக்கிரம் கைவரும்.

இன்னும் ஒரு முறை உண்டு, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஈயமே இல்லாமல், அல்லது முள்ளின் தண்டில் கொஞ்சம் ஈயக்கம்பி சுற்றி, இறைச்சித் துண்டைத் தண்ணீரோடு தரையில் உருள விடுவது. மேல் ஓட்டத்தில் போட்டு, கோல் நுனியால் கூடவே போக வேண்டும். உருளும் இரை நின்றால் கல்லாக இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். நாள் முழுக்க இப்படியே நடந்துகொண்டு போனால் அந்த ஆற்றின் தரை முழுவதும் மனதில் பதிந்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கோடையில் தண்ணீர் தெளிந்து குறைந்திருந்தால் பொழுது சாயும் நேரமும் இருட்டிய முதல் இரண்டு மணி நேரமும்தான். மழை பெய்து ஆறு ஏறி, மறுபடி வடியத் தொடங்கி, நிறம் தேநீரிலிருந்து பச்சைக்குத் திரும்பும்போது பகலிலேயே எடுக்கும். ஆறுகளின் நீர்மட்டத்தை அரசின் சுற்றுச்சூழல் முகமை இணையத்தில் அவ்வப்போது வெளியிடுகிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். குளிர்காலத்தில் ஒரு வெப்பமானி பையில் இருக்கட்டும். தண்ணீர் 5 டிகிரிக்குக் கீழே என்றால் நான் திரும்பிவிடுவேன். தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான மழை வந்து 8, 9 டிகிரிக்கு ஏறினால் ஜனவரியானாலும் போவேன்.

சட்டம். 13 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும் சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டுவரை போகலாம். உரிமம் மட்டும் போதாது, கரை யாருக்குச் சொந்தமோ அவர்கள் அனுமதியும் வேண்டும். பெரும்பாலும் உள்ளூர் தூண்டில் சங்கத்தின் அட்டையோ நாள் சீட்டோ வாங்க வேண்டியிருக்கும். உரிமக் காசு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டிங்கம்ஷயரில் கால்வர்டன் என்ற இடத்தில் முகமையின் மீன் பண்ணை இருக்கிறது. அங்கே பார்பல் உட்படப் பல மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்த்து, மீன் குறைந்த ஆறுகளில் விடுகிறார்கள். அதற்கு அந்தக் காசு உதவுகிறது.

குழம்புக் கேள்விக்கு வருகிறேன். கூடாது. ஆறுகளில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பார்பலை எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம், சங்கங்களோ எந்த அளவு மீனையும் எடுக்க விடாது. அதோடு பார்பலின் சினை விஷம். தின்றால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நம் வீட்டில் சினைக்கு அடித்துக்கொள்வோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெண் மீன் முட்டையிடும் வயதுக்கு வரவே ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆகும், இருபது வருடம் வாழக்கூடியது. சின்ன ஆற்றில் நீங்கள் பிடிக்கும் எட்டு பவுண்டு மீனை இன்னும் பத்துப் பேர் பார்க்கலாம்.

ஒரு ஆற்றில் சில நூறு மீன் என்ன செய்யும் என்பதற்கு உங்கள் ஊர்க் கென்னட் ஆறே சாட்சி. இங்கிலாந்தின் மேற்கே ஓடும் செவர்ன் ஆற்றில் ஒரு காலத்தில் பார்பலே கிடையாது. 1956-ல் கென்னட்டிலிருந்து 509 மீன்களைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். அவை பெருகி, செவர்னின் துணையாறான டீமுக்கும் ஏறி, அந்தச் சின்ன ஆற்றை நாடறிந்த பார்பல் ஆறாக்கின. அந்த டீமிலேயே இப்போது மீன் வெகுவாகக் குறைந்துவிட்டது. கூழாங்கல்லைச் சேறு மூடுவது, கழிவுநீர், நீர்நாய் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என் பார்வையில் சேறுதான் முதல் எதிரி, முட்டைக்கு மூச்சு விடக் கல்லிடுக்கு வேண்டும்.

ஆகவே மீனைத் திருப்பி விடுவதில் அவசரம் கூடாது. பார்பல் தன் சக்தி முழுவதையும் செலவழித்துப் போராடும், கரைக்கு வரும்போது மயங்கும் நிலையில் இருக்கும். அகலமான, நெருக்கமான கண்ணியுள்ள வலை வேண்டும். அதன் முதுகுத் துடுப்பின் முன்முள் அரம் மாதிரி பல்லுடையது, பெரிய கண்ணியில் மாட்டிக் கிழியும். வலையில் வந்ததும் தூக்காமல் தண்ணீரிலேயே சில நிமிடம் விடுங்கள். முள்ளை எடுக்க ஈரமான மெத்தை விரிப்பு, ஈரமான கை. படம் எடுப்பதென்றால் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு ஒரு மூச்சில் முடியுங்கள். அப்புறம் மிதமான ஓட்டமுள்ள இடத்தில், தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருங்கள். சில நேரம் ஐந்து நிமிடம், சில நேரம் கால் மணி. செவுள் சீராக அடித்து, வால் உங்கள் கையை உதறும்வரை விடாதீர்கள். அதற்கு முன்னால் விட்டால் கவிழ்ந்து கீழே போய்விடும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிய வெயில் நாட்களில் பிராணவாயு குறைந்திருக்கும், அந்த நாட்களில் பார்பலுக்கே போகாதீர்கள். கண்ணாடியும் தொப்பியுமாக நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பாதுகாப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக் கரையில் எலி சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், கை கழுவாமல் சாப்பிட வேண்டாம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளைக் குடைபோலப் பூக்கும் ஜயன்ட் ஹாக்வீட் என்ற செடியைத் தொடாதீர்கள், அதன் பால் பட்ட தோல் வெயிலில் கொப்பளிக்கும். வெள்ளம் வடிந்த கரை வழுக்கும். இருட்டில் தனியாகப் போனால் எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த வார இறுதியில் கோலை வீட்டிலேயே வைத்துவிட்டு லாடன் கரையில் ஒரு மைல் நடந்து வாருங்கள். மூன்று இடம் குறித்துக்கொண்டு, எது எப்படி இருந்தது என்று எழுதுங்கள், அதிலிருந்து எங்கே ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.